திம்மராயப்பாவின் கடைவாய்ப் பல்

போன மாதம் தீபா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு இருதய வார்டில் என் இடத்துக்கு வந்த நர்ஸ் அவள். ஊசி போட்டால் நோயாளிக்கே தெரியாது, அவ்வளவு நல்ல கை. வாய்தான் கொஞ்சம் நீளம்.

"அக்கா, புதுசா ஒரு ஃபாரம் குடுத்திருக்காங்க. டேப் ஸ்கிரீன்ல டிக் அடிக்கணும். எடை, கால் வீக்கம், மூச்சு, ராத்திரி எத்தன தலகாணி வெச்சிப் படுக்கறாங்க, எல்லாம் சரி. கடைசில 'வாய்'னு ஒரு கட்டம். ஈறு வீங்கியிருக்குதா, பல்லு ஆடுதா, நாக்கு காஞ்சிருக்குதா, கட்டுப்பல்லு சரியா உக்காருதான்னு. இது இருதய வார்டா, பல்லாஸ்பத்திரியாக்கா?"

"அந்தக் கட்டத்தக் காலியா வுட்டுப் பாரு. டாக்டரம்மா கண்ணாடியக் கழட்டித் தொடைப்பாங்க."

"காலைலயே தொடச்சிட்டாங்கக்கா. அதான் உங்களுக்குப் போன் பண்ணேன்."

சிரித்துவிட்டேன். போனில் சொல்லி முடிகிற கதை இல்லை என்பதால் எழுதுகிறேன். தீபாவுக்கும், அவளுக்குப் பிறகு அந்த டேப்பைத் தூக்கப்போகிறவர்களுக்கும்.

நான் பிலோமினா. பிறந்தது கிருஷ்ணகிரி, வேலை பார்த்தது முழுக்க ஓசூரில் ஓர் அறக்கட்டளை மருத்துவமனையில். நர்சிங் படித்த காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மூன்று வருடம் படித்தேன். அதில் பாதி, படுக்கை விரிப்பின் மூலையை மடிப்பதற்கே போனது. வாயைப் பற்றியும் ஒரு பாடம் இருந்தது. நினைவில்லாத நோயாளிக்கு ஈரத்துணியால் வாயைத் துடைக்க வேண்டும். நினைவோடு இருப்பவரின் வாய் அவரவர் பொறுப்பு என்று நினைத்துக்கொண்டு வேலையில் சேர்ந்தேன்.

சேர்ந்த முதல் மாதத்திலேயே மொழி என் காலை வாரியது. ஒரு பெரியவர் வந்து "ஆயாசம், ஆயாசம்" என்றார். களைப்பாக இருக்கிறார் போல என்று கட்டிலைக் காட்டி, "படுத்துக்கோங்க தாத்தா, சரியாப் போயிரும்" என்றேன். தெலுங்கில் ஆயாசம் என்றால் மூச்சுத் திணறல். படுத்ததும் அவர் முகம் நீலம் பாரித்தது. அன்றைக்கு அவரைப் பிடித்து உட்காரவைத்தவர்தான் டாக்டர் பத்மஜா. அப்போது அவரும் வேலைக்குப் புதிது. என்னைத் திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றினார், முந்தானையில் துடைத்தார், மறுபடி போட்டுக்கொண்டு, "சிஸ்டர், நம்ம ஊர்ல மூணு பாஷைலயும் மூச்சு வாங்கும், கத்துக்கோங்க" என்றார். குரல் எவ்வளவு இறங்குகிறதோ அவ்வளவு கோபம் என்று பிற்பாடு புரிந்துகொண்டேன். அன்றைக்கு அவர் பேசியது எனக்குச் சரியாகக் கேட்கவே இல்லை.

இருதயச் செயலிழப்பு என்ற பெயரைக் கேட்டாலே பாதிப் பேர் உயில் எழுதக் கிளம்பிவிடுவார்கள். இருதயம் நின்றுவிட்டது என்று அதற்குப் பொருள் இல்லை. பம்ப் பலவீனமாகிவிட்டது, அவ்வளவுதான். கம்பெனி ஆட்களுக்கு மோட்டார் கதையாகச் சொல்லுவேன். மோட்டாருக்கு இழுவை குறைந்தால் மேலே தண்ணீர் ஏறாது, கீழே தேங்கும். முதலில் காலில், பிறகு வயிற்றில், கடைசியில் நுரையீரலில். அதனால்தான் நீரைப் பிரிக்கும் மாத்திரை, உப்பில் கட்டுப்பாடு, குடிக்கிற தண்ணீருக்கு அளவு.

டாக்டர் பத்மஜா நோயாளியின் முகத்தைப் பார்க்கும் முன்னால் காலைப் பார்ப்பார். கணுக்காலுக்கு மேலே எலும்பின்மீது கட்டைவிரலை வைத்து அழுத்தி, "ஒக்கட்டி, ரெண்டு, மூடு, நாலுகு, ஐது" என்று அவர் வீட்டுத் தெலுங்கில் எண்ணுவார். விரலை எடுத்தால் விழுந்த குழி எவ்வளவு ஆழம், மேலேறி வர எவ்வளவு நேரம் என்று சொல்ல வேண்டும். எங்களுக்கு இதைக் கற்றுக்கொடுக்க கேண்டீனிலிருந்து ஒரு தட்டு இட்லி வரவழைத்தார். நல்ல இட்லி அழுத்தினால் உடனே எழும்பும் என்பது அவர் கணக்கு. எங்கள் கேண்டீன் இட்லியை அழுத்தினோம். ஐந்து எண்ணியும் குழி அப்படியே இருந்தது. "இதை உடனே அட்மிட் பண்ணணும்" என்றார் டாக்டர், சிரிக்காமல்.

அடுத்தது எடை. காலையில் எழுந்து, சிறுநீர் கழித்துவிட்டு, சாப்பிடும் முன், ஒரே மிஷினில், ஒரே மாதிரி உடையில். இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது சதை இல்லை, தண்ணீர். இந்த ஒரு விஷயத்தை நோட்டில் எழுதிவரச் செய்வதற்குள் என் தலைமுடி நரைத்தது.

திம்மராயப்பாவை நான் முதலில் பார்த்தது அந்த எடை மிஷினின் முன்னால்தான். பாகலூர்க்காரர். சிப்காட்டில் ஒரு கம்பெனியில் பிரஸ் மிஷின் ஓட்டி ஓய்வு பெற்றவர். மாரடைப்பு வந்து, அதன் பிறகு இருதயம் பலவீனமாகி எங்களிடம் வந்தார். மிஷினில் ஏறும் முன் செருப்பைக் கழற்றினார். சரி. பெல்ட்டைக் கழற்றினார். கடிகாரம், சாவிக்கொத்து, சீப்பு, பாக்கெட்டிலிருந்த பேனா எல்லாம் வரிசையாக என் மேஜைக்கு வந்தன. கடைசியில் அரைஞாணில் கை வைத்தார்.

"போதுங்க, ஏறுங்க" என்றேன்.

"இல்ல சிஸ்டர், வெள்ளி. வெயிட்டு ஜாஸ்தி."

ஆள் அப்படி. எல்லோரிடமும் பேச்சு, எல்லாவற்றிலும் பெருமை. பெருமையில் முதலிடம் அவருடைய பல்லுக்கு, 'இரும்புப் பல்லு' என்பார். கம்பெனியில் ஆயுத பூஜை அன்று சோடா பாட்டில் மூடியைப் பல்லாலேயே கழற்றுவாராம். "மிஷினுக்குப் பொட்டு வெப்பாங்க, எனக்கு மால போடுவாங்க" என்று வார்டு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லும்போது வாயை மட்டும் அதிகம் திறக்கவில்லை. அதை அப்போதே நான் கவனித்திருக்க வேண்டும்.

மனைவி கௌரம்மா. வீட்டில் கன்னடம் பேசுகிறவர். ஊரில் ரோஜா வளர்க்கும் பசுமைக்குடிலில் பூப்பறிக்கும் வேலை. புருஷனை "எஜமானரு" என்றுதான் சொல்லுவார், ஆனால் அந்த எஜமானருக்கு உத்தரவு போடுவதெல்லாம் இந்த அம்மாதான். டாக்டர் சொன்ன ஒவ்வொன்றையும் இரண்டு தடவை கேட்டு, விரல்விட்டு எண்ணி மனதில் ஏற்றிக்கொள்வார்.

முதல் தடவை கால் வீங்கி வந்தார். நீரை எடுத்து அனுப்பினோம். ஆறேழு வாரத்தில் மறுபடி வந்தார். எடுத்து அனுப்பினோம். மூன்றாவது தடவை ஆட்டோவிலிருந்து இறங்கும்போதே உட்கார்ந்தபடி இரண்டு கையையும் தொடையில் ஊன்றிக்கொண்டு வாயால் மூச்சை இழுத்துக்கொண்டிருந்தார். வியர்வையில் சட்டை ஒட்டியிருந்தது. பேச்சுக்காரர் ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் மூச்சைத் தேடினார். அந்த இரண்டு நாள் அவர் பிழைப்பார் என்று நான் நினைக்கவில்லை. டாக்டரும் நினைக்கவில்லை என்பது, அவர் கட்டிலருகே நின்று எதையும் எண்ணாமல் சும்மா பார்த்துக்கொண்டிருந்ததில் தெரிந்தது.

பிழைத்தார். மூச்சு சீரானதும் டாக்டர் என்னிடம் காதோடு சொன்னார்: "பிலோமினா சிஸ்டர், மாத்திரை சரியா சாப்பிடறார். அளவா தண்ணி குடிக்கறதா சொல்றார். அப்புறம் எப்படி? வீட்ல யாரோ உப்பு போடறாங்க."

யாரோ என்றால் யார்? வீட்டில் இருப்பது இரண்டு பேர். மகன் பெங்களூரில். நான் நேராகப் போய் கௌரம்மாவை வார்டு நடுவில் நிறுத்திப் பிடித்துக்கொண்டேன். "ஊறுகா குடுத்தீங்களா? அப்பளம்? கருவாடு? உங்க கையாலயே அவர அனுப்பி வெக்கப் பாக்கறீங்களா?" பத்துக் கட்டில் ஆட்களும் எழுந்து உட்கார்ந்து கேட்டார்கள்.

கௌரம்மா "தேவ்ரானே சத்தியமா போடல சிஸ்டர்" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். கண் நிறைந்துவிட்டது. கட்டிலில் இருந்த திம்மராயப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

வீட்டுக்கு அனுப்பிய ஐந்தாம் நாள் கௌரம்மாவே போன் செய்தார். "சிஸ்டர், ரெண்டு கிலோ ஏறிட்டாரு." டாக்டரிடம் சொன்னேன். கண்ணாடி கழன்றது. "நாளைக்கு உங்களுக்கு லீவுதானே சிஸ்டர்? பாகலூர் பஸ் அடிக்கடி இருக்கு" என்றார். இதற்குப் பெயர் வேண்டுகோள் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை போனேன். திம்மராயப்பா கடைவீதிப் பக்கம் போயிருந்தார். கௌரம்மா என்னை அடுப்படிக்குக் கூட்டிப்போய் ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து காட்டினார். ஊறுகாய் இல்லை, அப்பளம் இல்லை. உப்பும் இல்லை.

"உப்பு எங்கம்மா?"

இடுப்பிலிருந்து சாவியை எடுத்து பீரோவைத் திறந்தார். கல்யாணப் பட்டுப்புடவை, நிலப் பத்திரம், ஒரு ஜோடி கம்மல். அவற்றுக்கு நடுவில் ஓர் உப்புப் பாக்கெட். "எனக்கு மட்டும் தனியா எடுத்துப் போட்டுக்குவேன். திரும்பப் பூட்டிடுவேன்" என்றார். உப்பை நகையோடு வைத்துப் பூட்டிய வீட்டை அன்றுதான் பார்த்தேன்.

பிறகு கௌரம்மா வாசலை எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார். "சிஸ்டர், உங்ககிட்ட ஒண்ணு சொல்றேன். டாக்டரம்மாகிட்ட சொல்லாதிங்க. எஜமானரு குடிக்கறாரு."

"என்னது?"

"வாரத்துல ரெண்டு தபா பார்டர் தாண்டி கர்நாடகா பக்கம் போறாரு. எதுக்குப் போனன்னு கேட்டா சும்மா போனேன்னு சொல்றாரு. சரக்குக்கில்லாம அந்தப் பக்கம் சும்மா எவன் போவான்? வூட்டுக்கு வந்தா வாயெல்லாம் கிராம்பு வாசன. வாசம் மறைக்கறதுக்கு கிராம்ப மெல்றாரு. நான் கேட்டாச்சு, அழுதாச்சு. 'ஆமா, குடிக்கறேன், இன்னா இப்ப'ங்கறாரு."

நானும் நம்பினேன். எல்லாம் பொருந்திவந்தது. டாக்டரிடம் எப்படிச் சொல்வது என்று மனதுக்குள் வாக்கியம் அமைத்துக்கொண்டிருக்கும்போதே திம்மராயப்பா வந்துவிட்டார். என்னைப் பார்த்ததும் முகம் போன போக்கு, திருடன் போலீஸைப் பார்த்த மாதிரி. ஆனால் கிட்டே வந்தபோது சாராய நெடி இல்லை, கிராம்பு மட்டும்தான்.

சாப்பிட உட்காரவைத்தார்கள். ராகிக்களி, கீரைச்சாறு, மோர். களியை எங்கள் பக்கத்தில் யாரும் மெல்ல மாட்டார்கள். உருட்டி, சாற்றில் தோய்த்து, விழுங்குவதுதான் முறை. அதனால் அவர் மெல்லாததில் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. சாற்றைத்தான் பார்த்தேன். ஒரு கரண்டி, இரண்டு, மூன்று. பிறகு மோர் ஒரு சொம்பு.

"தினம் இப்படித்தானா?"

"அரிசிச்சோறு வேணாங்கறாரு, சப்பாத்தி வேணாங்கறாரு, பொரியல் தொடறதில்ல" என்றார் கௌரம்மா. "மூணு வேளயும் களி, இல்லன்னா கஞ்சி. சாறு ஊத்து, மோரு ஊத்துன்னு கேப்பாரு. சோத்தோட ஊத்தறது தண்ணிக் கணக்குல வராதுன்னு அவருதான் சொன்னாரு."

தண்ணீரை டம்ளரில் அளந்தோமே தவிர, தட்டில் அளக்கவில்லை. அப்போதுதான் இன்னொன்றையும் பார்த்தேன். மோர் வாய்க்குள் போனதும் அவருடைய இடது கண் தானாக மூடிக்கொண்டது. இடது தாடை வலதைவிடக் கொஞ்சம் உப்பியிருந்தது. நடுவில் வைத்திருந்த வறுத்த வேர்க்கடலைத் தட்டுப் பக்கம் கையே போகவில்லை.

"வாயத் தொறங்க" என்றேன்.

"எதுக்கு? இருதயம் கீழ இருக்குது சிஸ்டர்."

"தொறங்க."

செல்போன் விளக்கை அடித்துப் பார்த்தேன். இடது கீழ்க் கடைவாய்ப் பல் பாதி இல்லை. மீதி கறுத்து, சுற்றி ஈறு வீங்கிச் சீழ் கோத்திருந்தது. பக்கத்துப் பற்கள் விரலால் தொட்டால் ஆடின. நாக்கு கோடை ஏரி மாதிரி வெடித்துக் கிடந்தது. நீர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு வாய் காயும். எச்சில் குறைந்தால் பல் சீக்கிரம் கெடும். இந்தப் பாடமெல்லாம் எனக்கும் சொல்லிக்கொடுத்ததுதான்.

"வலிக்கு என்ன சாப்பிடறீங்க?"

அவர் கௌரம்மாவைப் பார்த்தார். பிறகு வேட்டி மடிப்பிலிருந்து ஒரு மாத்திரைப் பட்டையை எடுத்துத் தரையில் வைத்தார். கடுமையான வலிமாத்திரை. மற்றவர்களுக்கு வலியை மட்டும் குறைக்கும். பலவீனமான இருதயம் உள்ளவருக்கு உப்பையும் நீரையும் உடம்பிலேயே பிடித்து வைத்துவிடும். நாங்கள் ஒரு பக்கம் நீரை இறைத்துக்கொண்டிருந்தோம். இவர் மறுபக்கம் அடைத்துக்கொண்டிருந்தார்.

"எங்க வாங்கினது?"

"பார்டர் தாண்டி. இங்க மெடிக்கல்காரன் இவளுக்குத் தெரிஞ்சவன், சொல்லிருவான்."

எல்லையைத் தாண்டிப் போகிறவர்கள் எதற்குப் போவார்கள் என்று ஊருக்கே தெரியும். பல்வலி மாத்திரைக்காகப் போன ஒரே ஆள் இவராகத்தான் இருக்கும்.

"அதுக்கு குடிக்கறேன்னா சொன்ன?" கௌரம்மா எழுந்து நின்றுவிட்டார்.

"நீயா நெனச்ச. சரி, இருந்துட்டுப் போவட்டும்னு வுட்டேன்" என்றார் திம்மராயப்பா, தட்டைப் பார்த்தபடி. "பல்லு வலின்னு சொன்னா புடுங்கணும்னு சொல்லுவீங்க. எங்க செக்‌ஷன்ல ஒருத்தன், என்ன மாதிரியே இருதயக்காரன். பல்லப் புடுங்குனான். நாலாம் நாள் போய்ட்டான். குடிகாரன்னு பேரு வந்தா உசுராவது இருக்கும்."

கௌரம்மா என் பக்கம் திரும்பி மெதுவாகக் கேட்டார். "குடிய நிறுத்தணும்னு மூணு கோயில்ல வேண்டிக்கிட்டேன் சிஸ்டர். ஒரு கோயில்ல தலைமுடி குடுக்கறதா நேந்திருக்கேன். இப்ப அதப் பல்லுக்கு மாத்தலாமா?"

சர்ச்சுக்குப் போகிற வேதக்காரி எனக்கு நேர்த்திக்கடன் கணக்கு தெரியாது. வார்டில் அப்படிப் பேசியது தப்பு, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொன்னேன்.

"எனக்குச் சொல்றதெல்லாம் வேணாம். அன்னிக்கு பத்துக் கட்டில்ல இருந்தாங்களே, அவங்களக் கூட்டியாந்து சொல்லுங்க" என்றார். என்றாலும் என் தட்டில் இன்னொரு களி உருண்டையை வைத்தார்.

மறுநாள் திம்மராயப்பாவை அட்மிட் செய்தோம். நான் சொன்னதைக் கேட்டு டாக்டர் கண்ணாடியைத் துடைத்தார், மிக நீண்ட நேரம். "கழுத்து நரம்பு பார்த்தோம். கால் பார்த்தோம். கழுத்துக்கு மேல இருக்கற வாயத் திறந்து பார்க்கல. மூணு தடவை" என்றார். அந்தக் கோபம் யார்மேலும் இல்லை, அவர்மேலேயேதான்.

பல்லால் இருதயம் கெட்டது என்று அவர் ஒருபோதும் சொன்னதில்லை. யாராவது அப்படிச் சொன்னால் திருத்துவார். ஈறில் சீழ் இருந்தால் உடம்பு முழுக்க ஓர் எரிச்சல் ஓடிக்கொண்டே இருக்கும், பலவீனமான இருதயத்துக்கு அது கூடுதல் சுமை என்பார். அதற்கு மேல் எதையும் உறுதியாகச் சொல்ல மாட்டார். ஆனால் பல் போனால் சாப்பாடு மாறும், சாப்பாடு மாறினால் தண்ணீர்க் கணக்கு மாறும், வலி வந்தால் மாத்திரை வரும். இது கண்ணால் கண்டது.

பல்லைப் பிடுங்கியாக வேண்டும். எங்கள் மருத்துவமனையிலேயே கேண்டீனுக்குப் பின்னால் பல் பிரிவு இருந்தது. அங்கே டாக்டர் அன்வர், இளைஞர், குள்ளமாக, சுறுசுறுப்பாக இருப்பார். இருதய நோயாளி என்றால் மட்டும் எழுத்தில் அனுமதி வராமல் தொட மாட்டார். "இவருக்குப் பல் பிடுங்கலாமா?" என்று எழுதி அனுப்பினார். இரண்டாம் மாடியிலிருந்து டாக்டர் பத்மஜா, "தகுந்த முன்னெச்சரிக்கையுடன் பிடுங்கலாம்" என்று எழுதினார். கீழே கொண்டுபோனேன். "எந்த முன்னெச்சரிக்கை என்று தெரிவிக்கவும்." மேலே ஏறினேன். "பல் மருத்துவத்தில் வழக்கமான முன்னெச்சரிக்கை." கீழே இறங்கினேன். அன்வர் யோசித்து எழுதினார்: "வழக்கமான முன்னெச்சரிக்கை என்பது இருதய மருத்துவரிடம் கேட்பது."

என் முழங்கால் அதற்கு மேல் ஒத்துழைக்கவில்லை. பதினோரு மணி டீ நேரத்தில் இரண்டு பேரையும் கேண்டீனில் ஒரே மேஜையில் உட்காரவைத்து, நடுவில் அந்தக் காகிதத்தை வைத்தேன். ஒரு டீ ஆறுவதற்குள் எல்லாம் முடிவாகிவிட்டது. முதலில் ஊசி போட்டு நீரை இறக்குவது, சீழுக்கு மருந்து. இரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரையைத் தானாக நிறுத்தக் கூடாது. தையல் போட்டு, பஞ்சை வைத்து இரத்தத்தைக் கட்டுவது அன்வரின் பொறுப்பு. மரப்பு ஊசி குறைந்த அளவு. காலை நேரம். நாற்காலியைச் சாய்க்கக் கூடாது.

பிடுங்கும் நாள் காலை திம்மராயப்பாவைப் பல் நாற்காலியில் உட்காரவைத்தோம். விரலில் கிளிப்பை மாட்டி, நாடித் துடிப்பு 'பீப் பீப்' என்று கேட்கும்படி மிஷினை வைத்தேன். அன்வர் பழக்க தோஷத்தில் நாற்காலியைச் சாய்த்தார். இரண்டு நொடியில் இவர் மூச்சுக்குத் தவிக்க, நான் போட்ட சத்தத்தில் நாற்காலி நிமிர்ந்தது. நிமிர்ந்த பிறகு அன்வருக்கு எட்டவில்லை. எங்கள் வார்டிலிருந்து, நோயாளிகள் கட்டிலில் ஏற வைத்திருக்கும் சின்னப் படியைக் கொண்டுவந்து போட்டோம். அதன்மேல் நின்றுகொண்டு வேலையை ஆரம்பித்தார்.

பல் அசையவில்லை. அன்வரின் நெற்றியில் வியர்வை. 'பீப்' வேகமெடுத்தது. திம்மராயப்பாவின் கை என் மணிக்கட்டை இறுக்கியது. பிரஸ் மிஷின் பிடித்த கை, எலும்பு நொறுங்குவதுபோல் இருந்தது. கண்ணால் என்னிடம் கேட்டார். "ஓடுதுங்க, நல்லா ஓடுது. கேக்குதில்ல?" என்றேன். வாசலில் டாக்டர் பத்மஜா கையில் டீயோடு நின்றார், கேண்டீனுக்கு வந்தவர் வழியில் எட்டிப் பார்ப்பதுபோல. டீயை ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. துடிப்பு ஏறியதும் "நிறுத்துங்க அன்வர்" என்றார். நிறுத்தினோம். ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். துடிப்பு இறங்கியது. "இப்ப."

மூன்றாவது முயற்சியில் பல் இரண்டு துண்டாக வந்தது. அன்வர் அந்த வேரைத் தூக்கிப் பார்த்து, "மேலதான் சொத்த. வேரு நெஜமாவே இரும்புங்க" என்றார். வாயில் பஞ்சோடு திம்மராயப்பா பெருமையாகத் தலையாட்டினார்.

அதோடு முடியவில்லை. நாலாம் நாள் தாண்டும்வரை வீட்டுக்குப் போக மாட்டேன் என்று கட்டிலைப் பிடித்துக்கொண்டார். டாக்டரும் இருக்கட்டும் என்றுவிட்டார். நாலாம் நாள் காலை சவரம் செய்து, குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, வீட்டுச் சாவியைக் கௌரம்மாவிடம் கொடுத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். பத்து மணி. பன்னிரண்டு மணி. மதியம் இட்லி வந்தது, சாப்பிட்டார். மூன்று மணிக்கு என்னைக் கூப்பிட்டு, "சிஸ்டர், காலண்டர்ல தேதி சரியாக் கிழிச்சிருக்கீங்களா?" என்று கேட்டார். நாலு மணிக்கு டீ வந்தபோது கௌரம்மா சாவியைத் திருப்பி அவர் மடியில் போட்டார். "போதும், எழுந்திரு. நாலு மணி பஸ்ஸத்தான் வுட்டாச்சு, அஞ்சு மணி பஸ்ஸையாவது புடிக்கலாம்."

எடை இறங்கியது, இறங்கிய இடத்தில் நின்றது. ஆடிக்கொண்டிருந்த மற்றப் பற்களையும் அன்வர் ஒவ்வொரு மாதமாக எடுத்தார். இப்போது அவரிடமிருந்து மேலே காகிதம் எதுவும் வரவில்லை. பிறகு கட்டுப்பல் செட் ஒன்று செய்து மாட்டினார். அதைப் போட்டுக்கொண்டு திம்மராயப்பா சப்பாத்தி சாப்பிட்டார், பீன்ஸ் பொரியல் சாப்பிட்டார், சாற்றைத் தொட்டுக்கொள்ளும் அளவுக்குக் குறைத்தார். சோடா மூடியைக் கழற்ற முயன்றாரா என்று நான் கேட்கவில்லை. அன்றிலிருந்து டாக்டரம்மா காலை அழுத்தி ஐந்து எண்ணியதும், நான் பாக்கெட்டிலிருந்து டார்ச்சை எடுத்து நோயாளியின் வாயைத் திறக்கச் சொல்வேன். இதுதான், தீபா, நீ டிக் அடிக்கிற கட்டம்.

இருதயம் சரியாகிவிடவில்லை. அது சரியாகிற நோய் இல்லை. நடுநடுவே படுத்தார், எழுந்தார். ஆனால் அந்த மூன்றாவது தடவை மாதிரி மறுபடி அவர் வரவில்லை. மகன் கல்யாணத்தைப் பார்த்தார், பந்தியில் உட்கார்ந்து மென்று சாப்பிட்டார். நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம், ஒரு மதியம், சாப்பிட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்தவாக்கில் போய்விட்டார்.

காரியம் முடிந்த பிறகு கௌரம்மா வார்டுக்கு வந்தார். மிச்சமிருந்த மாத்திரைகளைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எடுத்துத் திறந்தார். உள்ளே தண்ணீரில் அந்தக் கட்டுப்பல் செட், சுத்தமாகத் தேய்த்துக் கழுவி.

"புதுசு மாதிரியே இருக்குது சிஸ்டர். இல்லாதவங்க யாருக்காவது போட்டு வுடுங்களேன்."

"அது முடியாதும்மா. ஒவ்வொருத்தருக்கும் அவங்கவங்க வாய அளவெடுத்துச் செய்யறது. இன்னொருத்தருக்கு உக்காராது."

"யாருக்குமே ஆவாதா?"

"அவருக்கு மட்டும்தான்."

கௌரம்மா டப்பாவைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மூடியை அழுத்தி மூடி, தண்ணீர் சிந்துகிறதா என்று சாய்த்துப் பார்த்து, பையில் வைத்துக்கொண்டார்.

"அப்ப வூட்லயே இருக்கட்டும். முப்பத்தெட்டு வருசம் அவரு பேசுனாரு, நான் கேட்டேன். இனிமே நான் பேசறேன்."